கறுப்புப் பட்டை போட்ட அமெரிக்க அரசு, நீதிமன்ற ஆவணங்களைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க மத்திய அரசின் ஆவணம் ஒன்று கைக்கு வருகிறது. பாதிப் பக்கம் கறுப்பு. ஓரத்தில் "பி6, பி7சி" என்று பொடி எழுத்து. நடுநடுவே "18 யு.எஸ்.சி. § 793(இ)" மாதிரி சட்ட எண்கள் (யு.எஸ்.சி. என்பது அமெரிக்கச் சட்டத் தொகுப்பு). செய்தி எழுதுபவர், ஆய்வு மாணவர், தன் குடியேற்றக் கோப்பை வாங்கிப் பார்த்தவர் என யாராக இருந்தாலும் முதலில் செய்வது பட்டைக்கு அடியில் என்ன இருக்கும் என்று யோசிப்பதுதான். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. எதை மறைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. எந்தச் சட்டத்தின் பேரில் மறைத்தார்கள் என்பது பெரும்பாலும் அதே பக்கத்தில் அச்சாகியிருக்கும். தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குப் போகும் வரிசை கீழே இருக்கிறது.

ஆவணங்களில் இந்தக் குறியீடுகள் ரோமன் எழுத்தில் இருக்கும். இங்கே அவற்றை உச்சரிப்பில் எழுதுகிறேன்: ஐந்தாவது எழுத்து 'இ', ஒன்பதாவது எழுத்து 'ஐ'.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூல பிடிஎஃப் கோப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட் போதாது. பக்கத் தலைப்பில் உள்ள வழக்கு எண், ஓரக் குறியீடு, அடியில் உள்ள பக்க எண் மூன்றையும் வெட்டிவிட்டுத்தான் படங்கள் சுற்றுகின்றன. நமக்கு வேண்டியதே அந்த மூன்றும்.

சட்டத்தைப் பார்க்க மூன்று இடங்கள் போதும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை நடத்தும் சட்டத் தொகுப்புத் தளம், அரசு அச்சகத்தின் கவ்இன்ஃபோ, கார்னெல் பல்கலைக்கழகத்தின் சட்டத் தகவல் நிலையம். மூன்றும் இலவசம். கார்னெல் தளம் படிக்க எளிது. பழைய ஆண்டின் சட்ட வாசகம் வேண்டுமானால் மற்ற இரண்டுக்கும் போக வேண்டும்.

நீதிமன்ற ஆவணங்களுக்கு 'பேசர்' கணக்கு தேவைப்படும். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் இணைய ஆவணத் தளம் அது. பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், ஒரு காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. ஆனால் தேடல் முடிவுகள் வரும் பக்கங்களுக்கும் காசு உண்டு, அதற்கு அந்த 3 டாலர் வரம்பும் கிடையாது. புதிதாக வருபவர்கள் பணத்தை விடுவது இங்கேதான். அதனால் முதலில் கோர்ட்லிஸனர் தளத்தின் 'ரீகேப்' தொகுப்பில் தேடுங்கள். மற்றவர்கள் ஏற்கெனவே காசு கொடுத்து எடுத்த ஆவணங்கள் அங்கே இலவசமாகக் கிடக்கும். பெரிய வழக்கென்றால் அநேகமாக அங்கேயே கிடைத்துவிடும்.

கடைசியாக ஒரு எக்செல் தாள். பத்திகள் ஐந்து: பக்கம், மறைப்பின் அளவு, குறியீடு, சட்டம், முன்னும் பின்னும் உள்ள சொற்கள். இது எதற்கு என்பது 4ஆம் படியில் புரியும்.

2. மறைத்தது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கறுப்புப் பட்டை எல்லாம் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பின்னால் உள்ள விதிகள் வேறு வேறு. இதைத் தவறவிட்டால் அடுத்த படிகள் எல்லாம் பிசகும்.

முதல் வகை, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் மனு போட்டுப் பெற்றது. சுருக்கமாக ஃபோயா. 1966இல் கையெழுத்தான இந்தச் சட்டத்தின் இடம் 5 யு.எஸ்.சி. § 552. இங்கே மறைப்பவர் அந்தத் துறையின் அதிகாரி. நம் ஆர்டிஐ சட்டத்தில் 8(1) பிரிவு விலக்குகளைப் பட்டியலிடுவதுபோல் இதில் (பி) உட்பிரிவு பட்டியலிடுகிறது. ஓரத்தில் 'பி' என்று தொடங்கும் எண்கள் இருந்தால் இந்த வகைதான்.

இரண்டாவது வகை, நீதிமன்றத்தில் தாக்கலானது. பக்கத்தின் மேலே ஒரே வரியில் வழக்கு எண், ஆவண எண், தாக்கல் தேதி, "பக்கம் இத்தனையில் இத்தனை" என்று இருக்கும். இதில் பட்டைக்குப் பக்கத்தில் குறியீடு இருக்காது. காரணம் வேறோர் ஆவணத்தில், பெரும்பாலும் நீதிபதியின் உத்தரவில் இருக்கும்.

மூன்றாவது வகையில் அரசே தன் முடிவில் மறைத்து வெளியிடும். 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றி 2019 ஏப்ரல் 18 அன்று வெளியான ராபர்ட் முல்லர் அறிக்கை இதற்கு நல்ல உதாரணம். 448 பக்கம். பட்டைகளின் மேலேயே "ஹார்ம் டு ஆன்கோயிங் மேட்டர்" (நடந்துகொண்டிருக்கும் விவகாரத்துக்குக் கெடுதல்), "கிராண்ட் ஜூரி" (குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று ரகசியமாக முடிவு செய்யும் குடிமக்கள் குழு) என்றெல்லாம் எழுதியிருந்தது. அவை ஃபோயா குறியீடுகள் அல்ல, நீதித்துறை அமைச்சகம் அந்த வெளியீட்டுக்காக வைத்துக்கொண்ட நான்கு வகைகள். பின்னர் ஃபோயா வழியாக வெளிவந்த பிரதியில்தான் 'பி' எண்கள் ஏறின. ஒரே அறிக்கை, ஒரே வரி, இரண்டு பெயர்களில் மறைப்பு. எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் இரண்டையும் கலந்து எழுதியவர்கள் நிறையப் பேர்.

3. எந்தப் பிரதி என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்

மறைக்கப்பட்ட ஆவணம் ஒரே தடவையில் வெளிவந்து முடிந்துவிடுவதில்லை. ரகசிய அரசு ஆவணங்களைத் தேடி டொனால்டு டிரம்பின் மார்-அ-லாகோ வீட்டைச் சோதனையிடப் பெற்ற வாரண்டுக்கான பிரமாணப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்ட் 26 அன்று பெரும்பகுதி கறுப்பாக வெளியானது. செப்டம்பரில் சில பட்டைகள் விலகின. 2023 ஜூலையில் இன்னும் சில. "பிரமாணப் பத்திரத்தில் இது இல்லை" என்று ஒருவர் சொன்னால் எந்த மாதத்துப் பிரதியில் என்று கேட்க வேண்டும்.

கோப்பின் பெயரில் வழக்கு எண், ஆவண எண், வெளியான தேதி மூன்றும் இருக்கட்டும். 'ஃபைனல்_2' என்று பெயர் வைத்தால் மறுவாரம் உங்களுக்கே புரியாது.

4. படிக்கும் முன் பட்டைகளைக் கணக்கெடுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் விடக் கூடாது. உரையைப் படிக்காமல் பக்கம் பக்கமாகப் போய் ஒவ்வொரு மறைப்பையும் தாளில் ஏற்றுங்கள். ஒரு சொல்லா, ஒரு வரியா, முழுப் பக்கமா? பக்கத்தில் என்ன குறியீடு?

எவ்வளவு நீக்கப்பட்டது, எந்த விலக்கின் கீழ் நீக்கப்பட்டது என்பதை நீக்கிய இடத்திலேயே காட்ட வேண்டும் என்று ஃபோயாவே சொல்கிறது. அளவைக் காட்டும் கடமை 1996 திருத்தத்தில் வந்தது, விலக்கைக் காட்டும் கடமை 2007 திருத்தத்தில் வந்தது. தொழில்நுட்பரீதியாக முடியாதபோதும், காட்டுவதே மறைத்த விஷயத்தைக் கெடுக்கும் என்றபோதும் மட்டும்தான் விதிவிலக்கு. ஆக, குறியீடே இல்லாத பட்டை கண்ணில் பட்டால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

எஃப்பிஐ அனுப்பும் கட்டுகளில் முழுதாக நீக்கிய பக்கங்களுக்கு ஒரு தனித் தாள் இருக்கும். "பக்கம் 12 ~ பி6, பி7சி" என்று வரிசையாகப் போகும். பலர் அதை வெற்றுத் தாள் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். சில வரிகளில் 'ரெஃபரல்' என்று இருக்கும். அந்தப் பக்கம் இன்னொரு துறையிலிருந்து வந்தது, அவர்களிடம் அனுப்பியிருக்கிறோம் என்று பொருள். மறுத்துவிட்டதாகப் பொருள் இல்லை, வேறு மேசையில் காத்திருக்கிறது. எந்தத் துறை என்று கேட்டு அங்கே பின்தொடர வேண்டும்.

அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று. கூடவே வரும் கடிதத்தில் விலக்குகளின் பட்டியல் இருக்கும், பொருந்தும் கட்டங்களில் டிக் அடித்திருப்பார்கள். அது மொத்தக் கட்டுக்கும் சேர்த்துச் சொன்னது. கடிதத்தில் 'பி1' டிக் ஆகியிருப்பதைப் பார்த்து, 40ஆம் பக்கத்துப் பட்டையும் தேச ரகசியம்தான் என்று எழுதிவிடுகிறார்கள். 40ஆம் பக்கத்தின் ஓரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்தப் பட்டையின் காரணம்.

அதே கடிதத்தில் இரண்டு பத்திகள் உண்டு. ஒன்று 552, மற்றது 552ஏ. பின்னது 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம். தன்னைப் பற்றிய கோப்பைத் தானே கேட்கும்போது வருவது. (ஜே)(2), (கே)(2) போன்றவை அதன் குறிகள். குடியேற்றக் கோப்பு வாங்கும் நம் ஆட்கள் இந்த 'கே2'வைப் பார்த்துப் பதறுகிறார்கள். சட்ட அமலாக்க விசாரணைக்காகத் திரட்டிய தகவல் என்பதுதான் அதன் பொருள். உங்கள் மேல் வழக்கு இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

5. குறியீடுகளைப் படியுங்கள்

ஒன்பது விலக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். (பி)(8) வங்கி மேற்பார்வை, (பி)(9) எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் நிலவியல் தகவல். இந்த இரண்டையும் நீங்கள் பார்க்காமலே போகலாம். மற்றவற்றில் கவனிக்க வேண்டியவை இவை.

(பி)(1): தேசப் பாதுகாப்பு ரகசியம். இது தனியாக வந்தால் போதாது. கூட ஓர் எண் இருக்க வேண்டும். ரகசியத் தகவல்களை வகைப்படுத்தும் நிர்வாக ஆணை 13526 (2009) தன் 1.4 பிரிவில் ஏ முதல் ஹெச் வரை எட்டுக் காரணங்களைத் தருகிறது. 1.4(பி) வேறொரு நாட்டு அரசு கொடுத்த தகவல். 1.4(சி) உளவு நடவடிக்கை, உளவு மூலங்கள், முறைகள். 1.4(டி) வெளியுறவு. தூதரகத் தந்திகளைத் தேடும் ஆய்வாளர்கள், இலங்கைப் போர்க்காலத்தை ஆராய்பவர்கள் உட்பட, அதிகம் சந்திப்பது (பி)யும் (டி)யும்தான். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சின்னதல்ல. (பி) என்றால் அந்தச் செய்தி இன்னோர் அரசின் வாயிலிருந்து வந்தது என்று அதிகாரியே ஒப்புக்கொள்கிறார்.

(பி)(2): துறையின் உள் பணியாளர் விதிகள். 2011இல் உச்ச நீதிமன்றம் மில்னர் வழக்கில் இதை வெகுவாகச் சுருக்கியது. அதற்கு முன் வெளியான கட்டுகளில் பி2 தாராளமாக இருக்கும். பழைய கட்டில் பி2 பார்த்தால் அதே ஆவணத்தை மறுபடி கேட்டுப் பார்க்கலாம். இப்போது அந்தக் காரணம் பெரும்பாலும் செல்லாது. வேறு காரணம் தேடித்தான் மறைக்க வேண்டியிருக்கும்.

(பி)(5): துறைகளுக்குள் நடந்த ஆலோசனை, வழக்கறிஞர் கருத்து, வரைவுகள். துறைகள் தாராளமாகக் கையாளும் விலக்கு என்பதால் விமர்சகர்கள் அதிகம் திட்டுவதும் இதைத்தான். 2016 திருத்தத்தின்படி 25 வருடங்களுக்கு முந்தைய ஆவணங்களில் 'ஆலோசனை' என்ற காரணம் செல்லாது. வழக்கறிஞர்–கட்சிக்காரர் ரகசியத்துக்கு அந்தக் காலவரம்பு கிடையாது. அதனால் பி5 என்று மட்டும் இருந்தால் எந்த பி5 என்று கேட்க வேண்டும்.

(பி)(6), (பி)(7)(சி): தனிநபர் அந்தரங்கம். முதலாவது பணியாளர், மருத்துவக் கோப்புகள் போன்றவற்றுக்கு, இரண்டாவது சட்ட அமலாக்கக் கோப்புகளுக்கு. இரண்டும் சேர்ந்தே வருவது வழக்கம். பட்டை சின்னதாக, ஒரு பெயர் அளவில் இருக்கும். முகவர், எழுத்தர், சாட்சி, சம்பந்தமே இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் என எல்லாரும் இதே குறியில்தான் மறைவார்கள். பெயர் மறைந்திருப்பதாலேயே அவர் முக்கியப் புள்ளி என்று எழுதக் கூடாது. இறந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கோப்பின் நாயகர் இறந்துவிட்டால் இறப்புக்கான ஆதாரத்தை மனுவோடு இணையுங்கள், பல பட்டைகள் அதிலேயே விலகும்.

(பி)(7)(ஏ): நடந்துகொண்டிருக்கும் விசாரணைக்குக் கெடுதல். இது காலாவதி ஆகக்கூடிய காரணம். விசாரணை முடிந்தால் போயிற்று. டிரம்பின் நெடுநாள் ஆலோசகர் ரோஜர் ஸ்டோன் மீதான வழக்கு விசாரணை நிலுவையில் இருந்ததால் முல்லர் அறிக்கையில் அவரைப் பற்றிய பத்திகள் மறைந்திருந்தன. தீர்ப்பும் தண்டனையும் வந்த பிறகு, 2020 ஜூனில், ஃபோயா வழக்கு ஒன்றின் பலனாக அவற்றில் பெரும்பகுதி வெளிவந்தது. 7ஏ பார்த்தால் நாட்காட்டியில் குறித்துவைத்து மறுபடி கேளுங்கள்.

(பி)(7)(டி): ரகசியத் தகவலாளி. (பி)(7)(இ): விசாரணை உத்திகள். குடியேற்றக் கோப்புகளில் 7இ அடிக்கடி வரும், பெரும்பாலும் கணினித் தேடலின் குறியீடுகள், திரைப் பிரதிகள் இவற்றின் மேல். (பி)(7)(எஃப்): ஒருவரின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து.

வழக்கு நடக்கும் கோப்புகளில் எஃப்பிஐ 'பி7சி-1', 'பி7இ-3' என்று ஒட்டு எண் சேர்க்கும். அந்த எண் சட்டத்தில் எங்கும் இருக்காது, தேடி அலைய வேண்டாம். அந்தக் குறிப்பிட்ட வழக்கில் எஃப்பிஐ அதிகாரி தாக்கல் செய்யும் பிரமாண வாக்குமூலத்தில் அதற்கு விளக்கம் இருக்கும். ஒரு வழக்கின் 1 இன்னொரு வழக்கின் 1 ஆக இருக்க வேண்டியதில்லை.

'என்ஆர்' என்ற முத்திரையும் வரும். "நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாதது" என்று பொருள். அது ஒன்பது விலக்குகளில் ஒன்றே அல்ல. அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2016இல், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஒரு ஆவணம் மனுவுக்குப் பொருந்துகிறது என்று ஏற்றுக்கொண்டபின், அதன் உள்ளே சில வரிகளை மட்டும் "சம்பந்தமில்லை" என்று மறைக்க முடியாது.

6. (பி)(3) என்றால் அடுத்த சட்டத்துக்குப் போங்கள்

(பி)(3) தன்னளவில் ஒன்றுமே சொல்வதில்லை. "வேறொரு சட்டம் இதை வெளியிடத் தடை செய்கிறது" என்று கை காட்டும், அவ்வளவுதான். அந்த வேறொரு சட்டம் எது என்பதில்தான் சேதி இருக்கிறது. 26 யு.எஸ்.சி. § 6103 இருந்தால் மறைந்திருப்பது வரித் தாக்கல் விவரம். 8 யு.எஸ்.சி. § 1202(எஃப்) என்றால் விசா வழங்கியது, மறுத்தது பற்றிய பதிவு. கூட்டாட்சிக் குற்றவியல் நடைமுறை விதி 6(இ) என்றால் கிராண்ட் ஜூரி முன் நடந்தது. 50 யு.எஸ்.சி. § 3024(ஐ)(1) என்றால் உளவு மூலங்களும் முறைகளும். பட்டைக்கு அடியில் இருப்பது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை யூகமே இல்லாமல் சொல்ல முடிகிற இடம் இதுதான்.

இங்கே ஒரு சிக்கல். பழைய ஆவணத்தில் 50 யு.எஸ்.சி. § 403ஜி என்று இருக்கும். தளத்தில் தட்டினால் கிடைக்காது. சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 50ஆம் தலைப்பின் தேசப் பாதுகாப்புப் பகுதிகளுக்கு 2013 வாக்கில் புது எண் கொடுத்தார்கள். 403ஜி இப்போது 3507, சிஐஏ தன் ஆட்கள், அமைப்பு பற்றி வாய் திறக்காமலிருக்க உதவும் பிரிவு. 403-1(ஐ)(1) இப்போது 3024(ஐ)(1). மின்னணு உளவு அமைப்பான என்எஸ்ஏ பயன்படுத்தும் "பொதுச் சட்டம் 86-36" இப்போது 3605. கார்னெல், கீழவைத் தளங்களில் பிரிவின் அடியிலுள்ள குறிப்புகளில் பழைய எண் இருக்கும். கீழே வரை உருட்டிப் பாருங்கள்.

7. சட்ட எண்ணை உடைத்துப் படியுங்கள்

"18 யு.எஸ்.சி. § 793(இ)" என்பதில் 18 என்பது தலைப்பு. குற்றவியல் சட்டம் இந்தத் தலைப்பில் இருக்கிறது. 793 பிரிவு, (இ) உட்பிரிவு. இரட்டை § வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகள். சி.எஃப்.ஆர். என்று இருந்தால் அது சட்டமல்ல, துறைகள் வகுத்த விதிகள். இரண்டிலும் தலைப்பு எண்கள் இருப்பதால் மாற்றிப் பார்ப்பது சகஜம்.

உட்பிரிவு எழுத்தை விட்டுவிடாதீர்கள். 793இல் ஏ, டி, இ, எஃப் எல்லாம் வேறு வேறு செயல்கள். (டி) சட்டப்படி கையில் வைத்திருப்பவருக்கு, (இ) அனுமதியில்லாமல் வைத்திருப்பவருக்கு. எண்ணை மட்டும் பார்த்து "793, அதாவது உளவுச் சட்டம், அதாவது அவர் உளவாளி" என்று எழுதினால் மூன்றாவது தாவலில் தவறிவிட்டீர்கள்.

இன்னொன்று: "18 யு.எஸ்.சி. §§ 1519, 2" என்று முடியும் வரி. கடைசி 2 என்பது இரண்டு குற்றச்சாட்டு என்று பலர் எழுதுகிறார்கள். அது பிரிவு 2. குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவரையும் செய்தவராகவே நடத்தலாம் என்கிற பிரிவு. எண்ணிக்கையோடு அதற்குத் தொடர்பில்லை.

அடுத்து, பிரிவை வாய்விட்டுப் படித்து அதன் கூறுகளைத் தனித்தனி வரியாக எழுதுங்கள். 793(இ)க்குச் செய்து பார்ப்போம். அனுமதியில்லாமல் கைவசம் இருக்க வேண்டும். அது நாட்டின் பாதுகாப்பு தொடர்பானதாக இருக்க வேண்டும். வேண்டுமென்றே பிறருக்குக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே வைத்துக்கொண்டு, பெற உரிமையுள்ள அதிகாரியிடம் ஒப்படைக்காமல் இருந்திருக்க வேண்டும். வெறும் தகவலாக இருந்தால், அது அமெரிக்காவுக்குக் கேடாகவோ வேற்று நாட்டுக்குச் சாதகமாகவோ பயன்படும் என்று நம்பக் காரணமும் வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். 'ரகசிய முத்திரை இட்டது' என்ற நிபந்தனை இதில் எங்குமே இல்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த பிரிவு இது. இன்றைய முத்திரை முறையோ நிர்வாக ஆணைகளால் பின்னால் வந்தது. மார்-அ-லாகோ ஆவணங்களின் ரகசிய முத்திரை நீங்கியதா இல்லையா என்று நாட்கணக்கில் தொலைக்காட்சியில் விவாதித்தவர்களில் எத்தனை பேர் இந்தப் பிரிவைத் திறந்து பார்த்தார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

மார்-அ-லாகோ வாரண்டில் மூன்று பிரிவுகள் இருந்தன: 793, 1519, 2071. முதலாவதற்கு அதிகபட்சம் 10 ஆண்டு. விசாரணையைத் தடுக்கும் நோக்கில் ஆவணத்தை அழிப்பது, மறைப்பது பற்றிய 1519க்கு 20 ஆண்டு. அரசுப் பதிவை அகற்றுவது பற்றிய 2071க்கு 3 ஆண்டு.

வாரண்டில் உள்ள பிரிவு குற்றச்சாட்டு ஆகாது. அந்த இடத்தில் அந்தக் குற்றத்துக்கான தடயம் இருக்கக்கூடும் என்று நம்பப் போதிய காரணம் உள்ளது என்பது மட்டுமே வாரண்டின் பொருள். யார் செய்தார் என்றுகூட அதில் இருக்க வேண்டியதில்லை. 2023 ஜூனில் குற்றப்பத்திரிகை வந்தபோது 793(இ) இருந்தது, 1519 இருந்தது, 2071 இல்லை. அதற்குள், பதவி வகிக்கும் தகுதியை இழப்பது பற்றியும் 2071 பேசுவதால், அதை வைத்து "இனி தேர்தலில் நிற்க முடியாது" என்று எவ்வளவோ எழுதித் தள்ளியிருந்தார்கள். அந்த வழக்கையே 2024 ஜூலையில் நீதிபதி தள்ளுபடி செய்தார். வழக்கை நடத்திய சிறப்பு வழக்கறிஞரின் நியமனம் செல்லாது என்பது காரணம்.

8. நீதிமன்ற ஆவணத்தில் காரணத்தை வெளியே தேடுங்கள்

முதலில் சாதாரண மறைப்புகளைக் கழியுங்கள். குற்றவியல் விதி 49.1, உரிமையியல் விதி 5.2 இரண்டின்படியும் சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் வங்கிக் கணக்கிலும் கடைசி நான்கு இலக்கம், பிறந்த தேதியில் ஆண்டு, சிறுவர் பெயரில் முதலெழுத்துகள் மட்டும்தான் இருக்கலாம். குற்ற வழக்கில் வீட்டு முகவரிக்குப் பதிலாக ஊரும் மாநிலமும். இதைச் செய்ய வேண்டியவர் தாக்கல் செய்பவர். நீதிமன்ற எழுத்தர் சரிபார்க்க மாட்டார். இந்தப் பட்டைகளில் மர்மம் எதுவும் இல்லை.

மீதிக்கு வழக்கின் பதிவேட்டைத் திறந்து, வெளியான தேதிக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களைப் பாருங்கள். மார்-அ-லாகோ விஷயத்தில் 2022 ஆகஸ்ட் 25 உத்தரவில் நீதிபதி காரணங்களைச் சொல்லிவிட்டார்: சாட்சிகள், விசாரணை அதிகாரிகள், குற்றம் சாட்டப்படாதவர்கள் ஆகியோரின் அடையாளம், விசாரணையின் உத்தி, திசை, வீச்சு, மூலங்கள், முறைகள், பிறகு கிராண்ட் ஜூரித் தகவல். மறுநாள் வந்த கறுப்புப் பக்கங்களை இதைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பதிவேட்டில் 14க்குப் பிறகு 17 வந்தால் நடுவில் இரண்டு முத்திரையிடப்பட்டு மூடியிருக்கலாம். குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் எதையும் அதன்மேல் கட்டாதீர்கள். இன்னொன்று, வாரண்ட் காலத்து எண்ணில் 'எம்ஜே' இருக்கும், குற்றப்பத்திரிகை வந்ததும் 'சிஆர்' என்று புது எண் பிறக்கும். பழைய எண்ணையே பார்த்துக்கொண்டு "வழக்கு அப்படியே நிற்கிறது" என்று நினைப்பவர்கள் உண்டு.

9. பிரதிகளை ஒப்பிடுங்கள், அப்புறம்தான் யூகம்

இரண்டு பிரதிகள் இருந்தால் பக்கத்தில் பக்கம் வைத்து, முன்பு கறுப்பாக இருந்து இப்போது திறந்த வரிகளை மட்டும் வேறு நிறத்தில் குறியுங்கள். அந்த வரிகள்தான் அதிகாரி எதை எல்லாம் மறைக்கிறார் என்பதற்கு உண்மையான மாதிரி. பல தடவை திறந்த பிறகு பார்த்தால் ஒரு தேதியோ, ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயரோதான் இருக்கும்.

பட்டையின் நீளத்தை அளந்து பெயரைக் கண்டுபிடிப்பதில் சிலருக்கு அலாதி ஆசை. எழுத்துருவைப் பொறுத்து ஒவ்வோர் எழுத்துக்கும் அகலம் மாறும், பட்டை முன்பின் இடைவெளியையும் விழுங்கும், ஒரே அகலத்தில் பத்துப் பெயர்கள் பொருந்தும். அச்சில் போகிற எதற்கும் இதை ஆதாரமாக வைக்காதீர்கள். தவறான ஆளின் பெயர் ஒருமுறை வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாது.

சில பட்டைகள் மேலே ஒட்டிய கறுப்பு மட்டும்தான். 2019 ஜனவரியில் டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரச்சார மேலாளர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் மறைத்த வரிகளை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் படிக்க முடிந்தது. அப்படி ஒன்று உங்களிடம் சிக்கினால் சாட்சி, சிறுவர், பாதிக்கப்பட்டவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் விட்டுவிடுங்கள். மற்றதை வெளியிடுவது பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். பொது நலன் என்ற சொல் இங்கே ரொம்பச் சுலபமாக வாயில் வரும்.

எழுதும்போது மூன்றையும் பிரித்து எழுதுங்கள்: ஆவணம் சொல்வது, குறியீடு சொல்வது, நீங்கள் ஊகிப்பது. "12ஆம் பக்கத்தில் சுமார் நான்கு வரிகள் (பி)(7)(இ)யின் கீழ் நீக்கப்பட்டுள்ளன, விசாரணை உத்தி தொடர்பான விலக்கு அது" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

10. இன்னும் வேண்டுமென்றால் கேளுங்கள்

ஃபோயா மனு போட அமெரிக்கக் குடிமகனாக இருக்கத் தேவையில்லை. மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போடலாம். சட்டம் "எந்த நபரும்" என்கிறது. வேற்று நாட்டு அரசும் அதன் பிரதிநிதிகளும் உளவுத் துறைகளிடம் கேட்பதற்கு மட்டும் தடை. வணிக நோக்கமில்லாத தனிநபருக்கு முதல் இரண்டு மணி நேரத் தேடலும் 100 பக்க நகலும் இலவசம். பதில் தர 20 வேலை நாள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் மாதங்கள், சில துறைகளில் வருடங்கள்.

மறைப்பு அதிகம் என்று தோன்றினால் வழக்குக்கு முன் துறைக்குள்ளேயே மேல்முறையீடு செய்யலாம். குறைந்தது 90 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது 2016 திருத்தம். "எல்லாவற்றையும் திறக்கவும்" என்று எழுதினால் எல்லாவற்றையும் மறுப்பார்கள். 4ஆம் படியில் செய்த தாள் இங்கேதான் உதவும். பக்கம், குறியீடு, ஏன் பொருந்தாது என மூன்றையும் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு வரியில் கேளுங்கள். வெளியிட்டால் என்ன தீங்கு நேரும் என்று துறை நியாயமாக முன்கூட்டியே காண முடிந்தால்தான் மறைக்கலாம் என்பதும் 2016இல் சட்டத்தில் ஏறியது. அந்தத் தீங்கைச் சொல்லும்படி கேளுங்கள்.

"அப்படி ஒரு ஆவணம் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம்" என்று பதில் வந்தால் அதற்கு 'குளோமர்' என்று பெயர். சிஐஏ சம்பந்தப்பட்ட ஒரு கப்பலின் பெயரிலிருந்து வந்தது, 1976இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதையும் மேல்முறையீடு செய்யலாம். அந்த விஷயத்தை அரசே அதிகாரபூர்வமாக வெளியில் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஆதாரத்தை இணையுங்கள்.

வழக்கு வரை போனால், எந்தெந்தப் பட்டைக்கு என்ன காரணம் என்று அரசு பட்டியல் போட்டு நீதிபதியிடம் கொடுக்கும். 1973 வான் எதிர் ரோசன் தீர்ப்புக்குப் பிறகு வந்த வழக்கம், 'வான் அட்டவணை' என்பார்கள். நீங்கள் வழக்குப் போட வேண்டியதில்லை. அதே ஆவணத்துக்காக வேறு யாராவது ஏற்கெனவே போட்டிருந்தால் அவர்களுக்குக் கிடைத்த அட்டவணை பதிவேட்டில் இருக்கும். மனு எழுத உட்காரும் முன் கோர்ட்லிஸனரில் துறையின் பெயரையும் ஆவணத்தின் பெயரையும் சேர்த்து ஒரு முறை தேடிவிடுங்கள்.